தெரு விளக்கும் அதன் கணக்கும்



இன்று தெரு விளக்கைப் பற்றி நாம் பேச வேண்டுமென்று இக்கூட்டத்தை ஏற்பாடு செய்த தோழர்கள் கேட்டுக் கொண்டார்கள். பேசுவதற்கு எத்தனையோ பெரிய விஷயங்கள் இருக்க, தெரு விளக்கும் ஒரு விஷயமா என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். மில்லில் இரவு முறை முடிந்து வீடு திரும்பும் ஒரு பெண்ணைக் கேட்டுப் பாருங்கள்; சாக்கடை மூடி திறந்து கிடக்கும் சந்தில் தடுக்கி விழுந்த ஒரு கிழவரைக் கேட்டுப் பாருங்கள். அது பெரிய விஷயமா, சின்ன விஷயமா என்று அவர்கள் சொல்லுவார்கள்.

இப்பொழுது பல நகரங்களில் தெரு விளக்குகளை ஓர் இடத்தில் உட்கார்ந்து கொண்டே ஏற்றவும், அணைக்கவும், மங்கச் செய்யவும், எது எரிகிறது எது எரியவில்லை என்று பார்க்கவும் வழி ஏற்பட்டிருக்கிறது. இதனால் ஜனங்களுக்கு என்ன பிரயோஜனம் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில், ஒரு விளக்கு அணைந்து போனால் இன்று பெரும்பாலான ஊர்களில் என்ன நடக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். முதல் நாள் யாரும் கவனிப்பதில்லை. மூன்றாம் நாள் ஒருவர் கம்பத்தடியில் நின்று மேலே பார்த்துவிட்டுப் போவார். பத்தாம் நாள் யாராவது ஒருவர் கவுன்சிலர் வீட்டுக்குப் போவார். அவர் வீட்டில் இருக்க மாட்டார். இருந்தால் "சொல்லியிருக்கிறேன்" என்பார். பிறகு ஒரு மனு. அம்மனு எங்கே போயிற்று என்று கேட்க இன்னொரு மனு. கடைசியில் ஏணியும் ஆளும் வந்து பல்பு மாட்டினால், அதை ஏதோ தர்மம் செய்ததுபோல் பாவித்து நாம் கும்பிடு போட வேண்டியிருக்கிறது. நாம் வரி கொடுக்கிறோம், நம் வரிப் பணத்தில்தான் அந்த விளக்கு எரிகிறது என்பதை, கும்பிடு போடுகிறவரும் மறந்து போகிறார், வாங்கிக் கொள்கிறவரும் மறந்து போகிறார்.

செல்வாக்குள்ளவர் வீட்டு வாசல் விளக்கு அணைந்தால் மறுநாளே எரிகிறது. சேரியில் அணைந்தால் திருவிழாவோ தேர்தலோ வரும் வரையில் இருட்டுதான். இதற்குக் காரணம் கேட்டால், "எங்களுக்கு யாரும் தகவல் சொல்லவில்லையே" என்கிறார்கள். இந்தத் "தகவல் இல்லை" என்கிற ஒரு சொல்லின் பின்னால்தான் எல்லாப் பாரபட்சமும் ஒளிந்து கொண்டிருக்கிறது. புதிய ஏற்பாட்டில் இந்தச் சாக்குக்கு இடமில்லை. அதனாலேயே நாம் அதைப் பெரிதாய் மதிக்கிறோம்.

தூரத்திலிருந்து விளக்கை ஏற்றுவது முழுக்கப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பல ஊர்களில் நிலா அட்டவணை என்று ஒன்று வைத்திருந்தார்கள். நிலா உள்ள இரவுகளில் விளக்கு ஏற்றுவதில்லை. செலவு மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. அட்டவணைப்படி பௌர்ணமி, வானத்திலோ கார்மேகம், தெருவெல்லாம் கும்மிருட்டு! ஆனாலும் சிப்பந்தி விளக்கேற்ற மாட்டார். ஏனென்றால் காகிதத்தில் நிலா இருக்கிறது. பிறகு ஐரோப்பாவில் மின்சாரக் கம்பி வழியாகவே ஒரு சைகையை அனுப்பி, ஊர் விளக்குகளை ஒரே நேரத்தில் ஏற்றவும் அணைக்கவும் செய்தார்கள். 1950க்கு முன்பே இது வழக்கத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அதில் ஒரு குறை. கட்டளை போகும், பதில் வராது. ஆயிரம் விளக்குக்கு "எரி" என்று உத்தரவு போனால், எத்தனை எரிந்தன, எத்தனை எரியவில்லை என்று உத்தரவு போட்டவருக்குத் தெரியாது. (நம்முடைய மனுக்களுக்கும் இதே கதிதான் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

இன்றைய ஏற்பாட்டில் விளக்கு பதில் சொல்லுகிறது. அது எப்படி என்று சொல்லுகிறோம். முப்பது நாற்பது விளக்குகளுக்கு ஒன்றாகத் தெரு ஓரத்தில் ஓர் இரும்புப் பெட்டி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முன்பு அந்தச் சுவிட்சை மாலையில் ஓர் ஆள் வந்து போடுவார், காலையில் வந்து அணைப்பார். அவருக்குக் காய்ச்சல் வந்தால் விளக்குக்கும் காய்ச்சல். இதற்குப் பதிலாக, வெளிச்சம் கண்டால் தானே அணையும் கண்ணாடிச் சில்லு ஒன்றைச் சில ஊர்களில் வைத்தார்கள். அதன்மேல் காக்கை எச்சமிட்டால், அதற்கு எப்பொழுதும் இரவுதான். பட்டப் பகலில் விளக்கு எரிந்து கொண்டிருக்கும். இப்பொழுது அந்தப் பெட்டிக்குள் ஒரு மீட்டரையும், செல்பேசியில் போடுவது போன்ற ஒரு சிம் கார்டையும் வைக்கிறார்கள். அந்த ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொண்டு ஒவ்வொரு நாளும் சூரியன் மறையும் நேரத்தை அது கணக்குப் போட்டுக் கொள்ளுகிறது. பஞ்சாங்கத்திலும் அஸ்தமன நேரம் போட்டிருக்கிறதே என்பீர்கள். உண்மைதான், அந்த ஒரு வரியோடு நிறுத்தியிருந்தால் நமக்கும் பஞ்சாங்கத்துக்கும் சண்டையே இல்லை.

மீட்டர் என்ன செய்கிறது? நாற்பது விளக்கும் எரிந்தால் இவ்வளவு மின்சாரம் ஓட வேண்டும் என்று அதற்குத் தெரியும். ஓடுவது குறைந்தால் சில விளக்குகள் செத்துவிட்டன என்று உடனே தலைமை இடத்துக்குச் செய்தி போகிறது. ஆனால் எந்தக் கம்பம் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அது வேண்டுமானால் ஒவ்வொரு விளக்கின் தலையிலும் ஒரு சிறு கருவியை வைக்க வேண்டும். அது ரேடியோ அலை மூலம் தன் நம்பரோடு செய்தி சொல்லும். இதற்குச் செலவு அதிகம். ஆகையால் முனிசிபாலிட்டிக்காரர்கள் "எங்கள் ஊரிலும் தொலைக் கட்டுப்பாடு வந்துவிட்டது" என்று சொன்னால், பெட்டிக்கு வந்ததா, விளக்குக்கு வந்ததா என்று கேளுங்கள்.

செலவுக் கணக்கும் பார்ப்போம். 100 வாட் விளக்குகள் 10,000 உள்ள ஒரு நகரத்தை எடுத்துக் கொள்ளுங்கள். அவை ஒரு மணி நேரம் எரிந்தால் 1,000 யூனிட்டு. காலையில் அணைக்க ஒரு மணி நேரம் தாமதமானால், வருஷத்துக்கு 3,65,000 யூனிட்டு சூரியனுக்கு வெளிச்சம் காட்டுவதில் போகிறது. நடமாட்டம் குறைந்த நடுநிசி முதல் 5 மணி வரையில் பாதி வெளிச்சமாக்கினால், இரவொன்றுக்குச் சுமார் 2,500 யூனிட்டு மிச்சம். பழைய சோடியம் விளக்குகளை இப்படி மங்கச் செய்வது சுலபமல்ல, எல்.இ.டி. விளக்கில் அது எளிது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 2009இல் ஆரம்பித்துச் சுமார் 1,40,000 விளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றியதில், அவற்றுக்கான மின்சாரம் 60 சதவிகிதத்துக்கு மேல் குறைந்தது. நம் நாட்டில் 2015 ஜனவரி 5ந் தேதி மத்திய சர்க்கார் துவக்கிய திட்டத்தில் 1 கோடியே 30 லட்சத்துக்கு மேற்பட்ட தெரு விளக்குகள் மாற்றப்பட்டன. 2014 அக்டோபரில் ஹூட்ஹூட் புயல் அடித்து ஓய்ந்த விசாகப்பட்டினத்தில் ஏறக்குறைய 90,000 விளக்குகள் இப்படி மாறின.

மங்கச் செய்தால் திருடன் வருவானே என்று ஒரு கேள்வி. இதை வெறும் அபிப்பிராயத்துக்கு விடாமல் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2016இல் நியூயார்க்கில் ஏழைகள் வசிக்கும் சர்க்கார் குடியிருப்புகளில், சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் சிலவற்றைத் தேர்ந்து, அதிக வெளிச்சம் தரும் விளக்குக் கோபுரங்களை நிறுத்தினார்கள். அங்கே இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடுங்குற்றங்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 62 ஸ்தல ஸ்தாபனங்களின் பல வருஷக் கணக்கை ஆராய்ந்து 2015இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். விளக்கை மங்கச் செய்ததாலோ, நடுநிசிக்குமேல் அணைத்ததாலோ விபத்தும் குற்றமும் அதிகமாயின என்பதற்கு அத்தாட்சி இல்லை என்பது அம்முடிவு. இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதம்போல் தோன்றலாம். நாம் அறிந்துகொள்வது, எந்த இடத்துக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பது இடத்தைப் பொறுத்தது என்பதுதான். ஊர் முழுவதையும் ஒரே சுவிட்சில் கட்டியிருந்தால் இந்த யோசனைக்கே இடமில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு முழு வெளிச்சம், மூடிய கடைவீதிக்குப் பாதி வெளிச்சம், சேரி வழிக்கு முழு வெளிச்சம் என்று பிரித்து வைக்கப் புதிய ஏற்பாட்டில் முடியும்.

நிற்க, இவ்வளவு சொன்னதால் இயந்திரத்துக்குத் தேங்காய் உடைக்க வேண்டுமென்று நாம் சொல்லுவதாக நினைத்துவிடாதீர்கள். மூன்று ஊர்களின் கதையைக் கேளுங்கள்.

அமெரிக்காவில் சான் டியேகோ என்று ஒரு நகரம். 2016 டிசம்பரில், மின்சாரம் மிச்சமாகும், வாகனப் போக்குவரத்தை எண்ணலாம் என்று சொல்லி, புதுவிதத் தெரு விளக்குகளுக்கு அங்குள்ள நகரசபை அனுமதி கொடுத்தது. அவற்றில் 3,000க்கு மேற்பட்டவற்றில் காமிராவும் இருந்தது. 2018 முதல் போலீஸ் அந்தப் படங்களை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தது. விளக்கென்று எண்ணிய ஜனங்களுக்கு அது கண்ணென்று பிறகுதான் தெரிந்தது. பெரிய கிளர்ச்சி நடந்து, 2020 செப்டம்பரில் அந்நகர மேயர் அவற்றை நிறுத்தி வைக்க உத்தரவிட்டார். 2022இல் இத்தகைய கருவிகளுக்கென்று ஒரு சட்டம் செய்தார்கள். 2023இல் போலீஸ் கேட்டதன் பேரில் காமிரா விளக்குகளுக்கு மறுபடியும் அனுமதி கிடைத்தது. ஆனால் இந்தத் தடவை எல்லோர் முன்னிலையிலும் விவாதம் நடந்த பிறகு கிடைத்தது.

மற்றொன்று, மாசச்சூசெட்ஸ் மாகாணத்தில் மின்னசாக் என்ற ஒரு உயர்தரப் பள்ளிக்கூடம். அங்கே தெரு விளக்கல்ல, கட்டிட விளக்கு, சுமார் 7,000. எல்லாம் ஒரே கணிப்பொறியின் கட்டுப்பாடு. 2021 ஆகஸ்டில் அது கெட்டுப் போயிற்று. கெட்டால் எல்லா விளக்கும் எரியட்டும் என்று அமைத்திருந்ததால், இரவும் பகலும் எரிந்தன. அணைக்கச் சாதாரணச் சுவிட்சு இல்லை! ஏற்பாடு செய்த கம்பெனி கைமாறிக் கைமாறிப் போயிருந்தது. சாமான்கள் வந்து சேர்ந்து சரியாக 2023 ஆகிவிட்டது. ஏறக்குறைய ஒன்றரை வருஷம், ஜனங்கள் வரிப் பணம் இராப் பகலாய் எரிந்தது. ஆதலால் எந்தப் பெட்டியிலும் கையால் போடும் சுவிட்சு ஒன்று இருந்தாக வேண்டும். சாவியும் கணக்கும் குத்தகைக்காரரிடம் மட்டும் இருக்கக் கூடாது, ஊராரிடமும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, முன் சொன்ன லாஸ் ஏஞ்சலஸ். 2022 ஜூலையில் அங்கே ஆறாவது தெருவுக்கு ஓர் அழகான புதுப்பாலம் திறந்தார்கள். சில காலத்துக்குள் திருடர்கள் அதன் செம்புக் கம்பியை மைல் கணக்கில் உருவிக் கொண்டு போய்விட்டார்கள், பாலம் இருண்டது. விளக்கு எரியவில்லை என்று இயந்திரம் சொல்லும். கம்பத்தில் ஏறிக் கம்பி போட மனிதன்தான் போக வேண்டும்.

இதைச் சொல்லும்போது, கம்பத்தில் ஏறும் தொழிலாளியின் கதி என்ன என்ற கேள்வி வருகிறது. மாலையில் சுவிட்சு போடும் வேலை போய்விடும் என்பது வாஸ்தவம். அவரைச் சும்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்தச் சம்பளத்தைக் குத்தகைக்காரர் பையில் போட்டால் அது சீர்திருத்தமாகாது. எரியாத விளக்கைத் தேடி ராத்திரியெல்லாம் சுற்றுவதற்குப் பதிலாக, இன்ன இடத்தில் பழுது என்று முன்கூட்டித் தெரிந்து, பகலிலே, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கையுறையும் ஏணி வண்டியும் கொடுத்து அனுப்பினால், அவர் உயிருக்கும் பத்திரம், வேலையும் சீக்கிரம் முடியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். காவிரித் தண்ணீரைக் கொண்டு சிவசமுத்திரத்தில் உண்டாக்கிய மின்சாரம் 1902இல் முதன்முதல் எங்கே போயிற்று? கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போயிற்று. பெங்களூர் வீதிக்கு 1905 ஆகஸ்ட் 5ந் தேதிதான் வந்தது. அந்தச் சுரங்கத்துக்குள் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் நம் வடாற்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து போன ஏழைத் தமிழர்கள், தாழ்த்தப்பட்டவர்கள். எங்கே லாபமோ அங்கே முதலில், எங்கே செல்வாக்கோ அங்கே அடுத்தபடி என்பது மின்சாரத்தோடு கூடவே வந்த பழக்கம். கம்பமே இல்லாத தெருவைப் பற்றி எந்த இயந்திரமும் செய்தி சொல்லாது. அந்தத் தெரு அதன் படத்திலேயே இராது. விளக்கே இல்லாத இடத்தில் அணைந்த விளக்கு ஏது? ஆகவே தலைமை இடத்துத் திரையில் "100க்கு 98 எரிகிறது" என்று காட்டும்போது, அந்த 100க்குள் நம் சந்து சேர்ந்ததா என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு வழியும் இருக்கிறது. 1994ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, குடியிருப்புப் பகுதியில் தெரு விளக்குப் போடுவது கிராம ஊராட்சியின் கட்டாயக் கடமை. வருஷத்தில் பல தடவை கிராம சபை கூடுகிறது. நகரங்களிலும் 2022 முதல் பகுதி சபை என்று ஒன்று கூடுகிறது. அங்கே போய், மனுக் கொடுக்கும் பாவனையில் நிற்காமல், கணக்குக் கேட்கும் பாவனையில் நில்லுங்கள். நம் வார்டில் கம்பம் எத்தனை, போன மாதம் எத்தனை விளக்கு எத்தனை நாள் அணைந்திருந்தது, பழுது சொன்ன நாள் எது, சரி செய்த நாள் எது என்று தெருவாரியாகக் கேளுங்கள். பழைய காலத்தில் இதற்கு "எங்களிடம் அந்த விவரம் இல்லை" என்று பதில் சொல்லலாம். தொலைக் கட்டுப்பாடு வந்த ஊரில் அப்படிச் சொல்ல முடியாது. இயந்திரம் ஒவ்வொரு இரவும் எழுதி வைத்திருக்கிறது. வாய் வார்த்தையில் கொடுக்க மறுத்தால், 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். அந்தக் கணக்கை அலுவலகச் சுவரில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். ஊர்த் தெருவில் இரண்டு நாளில் பழுது பார்த்ததும், சேரித் தெருவில் நாற்பது நாள் ஆனதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். படிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்குப் படித்துக் காட்டட்டும்.

நேரமாகிவிட்டபடியால் இத்துடன் நிறுத்திக் கொள்ளுகிறோம். கேள்வி கேட்க விரும்பும் தோழர்கள் இப்பொழுது எழுந்து கேட்கலாம்.