இரண்டாம் முறை கிளாட் எழுதுகிறவர்களுக்கு
(மொரப்பூரில் மாணவர்களிடம் பேசியது)

தோழர்களே, கிளாட்டில் இடம் கிடைக்காதவர்கள் முதலில் கேட்பது, "எந்த கோச்சிங் சென்டர் நல்லது?" நான் திருப்பிக் கேட்பது: ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உங்கள் கையில் இருக்கிறது? வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற பிள்ளைக்கு நகரத்து அட்டவணை பொருந்தாது.

தேர்வு 2 மணி நேரம், 120 கேள்வி. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். சட்டம் முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லாமே ஆங்கிலப் பத்திகள், கணக்குகூட. தமிழ் வழியில் படித்தவர்களை வடிகட்டுவது அங்கேதான். அதற்குப் பெயர் 'தகுதி'யாம்!

ஆகவே முதல் நான்கு மாதம் ஆங்கிலம்தான். தினமும் ஒரு மணி நேரம், இரண்டு பேராக உட்கார்ந்து, ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைச் சத்தமாகப் படியுங்கள். பிறகு வாரம் ஒரு மாதிரித் தேர்வு. எழுதிய நேரத்தைவிடத் தவறுகளை அலசும் நேரம் கூடுதலாக இருக்கட்டும். டியூஷனுக்குக் காசு இருந்தால் அதையும் ஆங்கிலத்துக்கே செலவழியுங்கள். ஷம்னாத் பஷீர் 2010இல் தொடங்கிய 'ஐடியா' அமைப்பு, ஏழை மாணவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தருகிறது, விசாரியுங்கள்.

பக்கத்து வாச்சாத்தியில் 1992இல் நடந்த கொடுமைக்கு 2011இல்தான் தீர்ப்பு வந்தது. நம் பிள்ளைகள் ஏன் சட்டம் படிக்க வேண்டும் என்று இந்த ஊரில் நான் விளக்கத் தேவையில்லை.

"ஒரு வருசம் வீணா?" என்று வீட்டில் கேட்பார்கள். தருமபுரி அரசு சட்டக் கல்லூரியில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இடம் தருகிறார்கள். அங்கே படித்துக்கொண்டே கிளாட்டும் எழுதலாம். கிளாட்டுக்கு வயது வரம்பு இல்லை.