கோடைப் பட்டறையும் குழந்தையின் சொல்லும்



பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டம், வரும் கோடை விடுமுறையில் சிறுவர்க்கு எழுத்து, நாடகப் பட்டறை நடத்த விழைகிறது. மகிழ்ச்சி. அங்கே நாம் பேசப் போகிறோமா, கேட்கப் போகிறோமா என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தோற்றுவித்த தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையில் சிறுவர்களே நடிகர்கள். இளம்பிள்ளையாக அங்கு சேர்ந்த தி. க. சண்முகத்துக்காகவே 'அபிமன்யு சுந்தரி'யை அவர் ஒரே இரவில் எழுதினாராம். பெரியவர் எழுதினார், பிள்ளைகள் மனனம் செய்தனர். தொழில்முறைச் சபைக்கு அது தகும். விடுமுறைப் பட்டறைக்குத் தகாது.

இத்தாலியக் குழந்தை எழுத்தாளர் ஜான்னி ரோடாரி, 1973இல் வெளியான 'கற்பனையின் இலக்கணம்' நூலில் ஓர் எளிய பயிற்சி சொல்கிறார். கரும்பலகையின் இப்பக்கம் ஒரு குழந்தையும் மறுபக்கம் மற்றொன்றும், ஒருவர் எழுதுவதை மற்றவர் பாராமல் ஒவ்வொரு சொல் எழுத வேண்டும். தொடர்பற்ற அவ்விரு சொற்களுக்கிடையே கதை பிறக்கும்.

நான் கண்ட முகாமொன்றில் 'ஆடு', 'ஃபேன்' என்று அமைந்தன. ஒரு சிறுமி எழுதினாள்: "ஃபேன் நாள்பூரா ஓடுது, ஆனா எங்கயும் போகல. அதப் பாத்து ஆடு சிரிச்சுது." உடனிருந்த தமிழன்பர் சிவப்பு மையால் 'மின்விசிறி சுழல்கிறது' என்று திருத்தினார். பிழை போயிற்று, ஆட்டின் சிரிப்பும் போயிற்று. சுழல்வது எங்கும் போகாதுதானே! ஓடுவதல்லவா போக வேண்டும்? செந்தமிழ்ப் பற்று மிக்க நம்மிடம் இந்த ஆபத்து அதிகம்.

மறுநாள் அதையே நடித்துப் பார்த்தார்கள். நின்ற இடத்திலேயே மூச்சிரைக்க ஓடி மின்விசிறியான பையன், அதுவரை வாய் திறவாதவன். வசனம் எழுதிக் கொடுத்திருந்தால் அவனைப் பின்வரிசையில் மரமாக நிறுத்தியிருப்போம். இறுதி நாள் விழா, ஒப்பனை, ஒலிபெருக்கி என்று வந்துவிட்டால் நன்றாகப் பேசும் நால்வருக்கே வேடம் கிடைக்கும். ஆகவே மேடை வேண்டாம் என்பது என் கருத்து. பெற்றோர் தரையில் சூழ்ந்து அமரட்டும்.

பட்டறை எழுத்துகளைத் தொகுத்து அச்சிடும் எண்ணமும் உண்டென அறிகிறேன். எழுத்துப்பிழைகளைக் குழந்தையோடு அமர்ந்து, அதன் இசைவு பெற்றுத் திருத்தலாம். சொல்லைத் தொட வேண்டாம். அணிந்துரை ஒரு பக்கத்தைத் தாண்டவும் வேண்டாம். நம் அணிந்துரைகளின் நீளம் அவை அறிந்ததே.