அச்சு பார்க்கப் போகலாம், வாங்க



உங்கள் கையில் இருக்கிற போனில் தமிழில் ஒரு வாக்கியம் தட்ட எவ்வளவு நேரம் ஆகும்? பத்து விநாடி. நாற்பது வருஷத்துக்கு முன்னால் அதே வாக்கியத்தை அச்சடிக்க, ஒருவர் கேஸ் முன்னால் நின்று, ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஸ்டிக்கில் தலைகீழாக அடுக்கணும். தமிழில் அது இன்னும் சிரமம். க, க், கி, கீ, கு, கூ என ஆறுக்கும் தனித்தனி அச்சு வேணும். 18 மெய்க்கும் கணக்குப் போட்டால் அதுவே 108. உயிரெழுத்து, கொம்பு, கால் எல்லாம் தனி. எது எந்த அறையில் இருக்கிறது என்று அச்சுக்கோப்பவரின் கைக்குத் தெரியும். அந்தக் கைகள் சென்னையில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. அதைப் பார்க்கத்தான் உங்களைக் கூப்பிடுகிறேன்.

தமிழில் அச்சு 1578-இலேயே கொல்லத்தில் வந்துவிட்டது, பிறகு தரங்கம்பாடி. சென்னைக்கு அது வந்த கதை கொஞ்சம் வேடிக்கை. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது, பிரெஞ்சுக்காரர்களின் அச்சு இயந்திரத்தையும் சேர்த்துத் தூக்கி வந்துவிட்டார்கள். ஓட்டத் தெரிந்த ஆள் இல்லை. வேப்பேரியில் இருந்த பாதிரியார் பெப்ரீசியஸிடம் கொடுத்தார்கள், கம்பெனி வேலையை முதலில் முடித்துத் தரணும் என்ற நிபந்தனையோடு. அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி 1779-இல் அங்கேதான் அச்சானது. 1835-இல் அச்சகங்கள் மீதிருந்த கட்டுப்பாடு தளர்ந்த பிறகு நம்மவர்களின் அச்சுக்கூடங்கள் பெருகின.

இதெல்லாம் ஒரே கட்டடத்தில் கிடைக்காது, நகரம் முழுக்கச் சிதறிக் கிடக்கு. எழும்பூரில் ஆரம்பிக்கலாம். அருங்காட்சியக வளாகத்திலேயே கன்னிமாரா நூலகம், 1896-இல் திறந்தது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதி வந்து சேரும் நூலகங்களில் இதுவும் ஒன்று. வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை, அன்றைக்குப் போகாதீங்க. அடுத்து தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த சேகரிப்பு அது. புத்தகம் மட்டுமல்ல, கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் என்று மற்றவர்கள் தூக்கிப்போட்டதையும் அவர் எடுத்து வைத்தார். எனக்குக் கேட்டால் புத்தகத்தைவிட அந்த நோட்டீஸ்கள்தான் சுவாரசியம். பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம் இருக்கு, நேரம் இருந்தால் போங்க.

போவதற்கு முன்னால் போனிலேயே ஒரு பயிற்சி. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைத் திறந்து ஒரு நூறு வருஷப் பழைய புத்தகத்தை எடுங்க. கட்டணம் இல்லை. முகப்பைப் பாருங்க: யார் பார்வையிட்டது, எந்த அச்சுக்கூடம், எந்தத் தமிழ் வருஷம், சில சமயம் விலைகூட இருக்கும். இன்னும் பழசு என்றால் மெய்யெழுத்தில் புள்ளியே இருக்காது, நாமே ஊகித்துப் படிக்கணும். 'லை', 'னை' போன்ற எழுத்துகள் யானைத் தும்பிக்கை மாதிரி சுழித்திருக்கும். 1978-இல் அரசாணை வந்து 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. உங்கள் வீட்டில் தாத்தா காலத்துக் கல்யாணப் பத்திரிகை இருந்தால் அதிலும் தேடலாம். அதன் பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்க, ஈய எழுத்து அழுத்தின மேடு தட்டுப்படும். இதைத் திரையில் பார்க்க முடியாது.

கடைசியாக, பட்டறை. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடைகளும் பத்திரிகைக் கடைகளும் வரிசையாக இருக்கு. அங்கே விசாரித்தால் டிரெடில் மெஷின் எங்கே ஓடுகிறது என்று யாராவது சொல்வார்கள். பில் புக்குக்கு நம்பர் போட, கிழிக்கிற இடத்தில் துளை போட, அட்டையை மடிக்கக் கோடு போட இன்றைக்கும் அந்த மெஷின் உதவுது. கம்போசிங் மட்டும் கம்ப்யூட்டருக்குப் போயிடுச்சு. அச்சகம் மூடும்போது மெஷின் பழைய இரும்புக்குப் போகும், எழுத்து ஈய விலைக்குப் போகும். ஒரு செட் எழுத்தை உருக்கிவிட்டால் அதே முகத்தை மறுபடி வார்க்க ஆள் கிடைப்பது அரிது. அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

உள்ளே போனதும் போனைத் தூக்காதீங்க. அது அவர்கள் பிழைப்பு நடத்துகிற இடம். "ஐயா, கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேளுங்க, வேலை நடக்கும்போது மெஷினை விட்டுத் தள்ளி நில்லுங்க. கொஞ்சம் பேசிய பிறகு, அனுமதி கொடுத்தால் வீடியோ எடுங்க. மெஷினை எடுப்பதைவிட அவர் கைகளை எடுங்க. எந்த எழுத்து எந்த அறையில், ஏன் அங்கே என்று அவர் சொல்வதைப் பதிவு செய்யுங்க. புத்தகத்தில் கிடைக்காத விஷயம் அது. பிள்ளைகளோடு போனால் அவர்கள் பெயரைக் கோத்துக் காட்டச் சொல்லலாம். அதற்கு ஒரு தொகை கொடுத்துவிடுங்க, சும்மா கேட்காதீங்க.

காலையிலேயே போயிடுங்க. சாயந்தரம் என்றால் டெலிவரி அவசரத்தில் யாருக்கும் பேச நேரம் இருக்காது.