மறுவாழ்வுச் சிகிச்சையில் உள்ள பிள்ளையும் குருதியில் ஏறும் அமிலமும்



ரொறன்ரோவில் கில்கோர் வீதியில் உள்ள ஹொலண்ட் புளூர்வியூ சிறுவர் மறுவாழ்வு மருத்துவமனை போன்ற இடங்களுக்கு மூளைவாதத்தாலும் விபத்தாலும் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் பலர் வருகின்றனர். வேறு சிலரது தளர்ச்சியின் வேர் வளர்சிதைமாற்றத்தில் உள்ளது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்த மரபணுப் பிழையால், உண்ட புரதத்தை முழுமையாகச் சிதைக்கும் நொதியம் ஒன்று அவர்களிடம் செயற்படுவதில்லை. பாதிவழியில் தேங்கும் பொருள் அமிலமாகக் குருதியில் சேர்கிறது. புரோப்பியோனிக் அமிலமிகை, மெதில்மலோனிக் அமிலமிகை என்பன இவ்வகை நோய்கள்.

குருதியின் பி.எச். அளவு 7.35 முதல் 7.45 வரை என்னும் குறுகிய எல்லைக்குள் நிற்கவேண்டும். அது சரிந்தால் வாந்தி, மிகுந்த சோர்வு, வேகமான மூச்சு, மயக்கம் எனத் தொடரும். அசைவை நெறிப்படுத்தும் மூளைப்பகுதி சேதமடைந்தால், நேற்று நடந்த பிள்ளை இன்று நடக்க இயலாமற் போகலாம்.

ஒன்ராறியோவில் பிறந்த குழந்தைகளின் குதிகாலிலிருந்து எடுக்கும் குருதித் துளி ஒட்டாவாவில் சோதிக்கப்படுகிறது. 1965இல் ஒரு நோய்க்கெனத் தொடங்கிய இத்திட்டம் 2006இல் பெரிதும் விரிவாக்கப்பட்டது. யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ பிறந்து பின்னர் இங்கு வந்த பிள்ளை இச்சோதனைக்கு உட்பட்டிருக்காது. பெற்றோர் இதனை மருத்துவரிடம் தாமாகவே சொல்லவேண்டும். சிறுநீரகம் அமிலத்தை வெளியேற்றத் தவறும் மரபுவழி நோயையும் இச்சோதனை காட்டாது. வளர்ச்சி குன்றுதலும் எலும்பு மெலிதலும் அதன் அடையாளங்கள். பைகார்பனேற்று அல்லது சிற்றேற்று மருந்தால் அதனைப் பெரிதும் கட்டுப்படுத்தலாம்.

மறுவாழ்வுச் சிகிச்சையில் கவனம் தவறும் இடம் ஒன்று உண்டு. இறுகிய தசைக்குப் போட்யூலினம் ஊசி, இடுப்பில் அறுவை, எம்.ஆர்.ஐ. படம் ஆகியவற்றுக்கு மயக்க மருந்து தேவைப்படலாம். உடனே "நள்ளிரவுக்குப் பின் உணவு கொடுக்க வேண்டாம்" என்ற வழக்கமான அறிவுறுத்தல் வரும். மற்றப் பிள்ளைக்கு அது வெறும் பசி. இப்பிள்ளைக்கோ பட்டினி கிடக்கும் உடல் தன் தசைப் புரதத்தையே எரிக்கத் தொடங்கும், அமிலம் ஏறும். ஆகவே பட்டினி தொடங்கும்போதே நாளத்தின் வழியே குளுக்கோசு ஏற்ற ஏற்பாடு செய்யப்படவேண்டும். வலிப்புக்குத் தரப்படும் வல்புரோயேற்று மருந்து அமோனியாவை உயர்த்தக்கூடியது. மலச்சிக்கலையும் சிறு தொல்லை என விட்டுவிடக் கூடாது. குடல் நுண்ணுயிர்களும் புரோப்பியோனிக் அமிலத்தை உண்டாக்குகின்றன.

வீட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு அம்மம்மா அன்போடு காய்ச்சும் பயற்றங்கஞ்சி புரதம் நிறைந்தது. அவ்வேளையில் தவிர்க்கவேண்டிய உணவும் அதுவே. ஏன் கொடுக்கக்கூடாது என்பதை அம்மம்மாவுக்கு அமர்ந்து விளக்குவது, மருத்துவருக்கு விளக்குவதைவிடக் கடினமாக இருக்கலாம்!

நம்மவரிடையே மச்சான், மச்சாள் திருமணம் வழக்கம். உறவுக்குள் மணம் புரிவோர் இருவரும் ஒரே பிழையைச் சுமக்கும் வாய்ப்பு அதிகம். அவ்வாறு சுமப்பவர்களுக்கு ஒவ்வொரு கருவுறுதலிலும் நோயுள்ள பிள்ளை பிறக்கும் வாய்ப்பு 25 விழுக்காடு. இது எவர் செய்த குற்றமும் அன்று. ஆனால் மூத்த மகளின் திருமணப் பேச்சு கெட்டுவிடும் என்று நோயை மறைக்கும் குடும்பம், அடுத்த தலைமுறையின் சோதனை வாய்ப்பையும் சேர்த்தே மறைக்கிறது.

வளர்சிதைமாற்ற மருத்துவரிடம் அவசரநிலைக் கடிதம் ஒன்றைக் கேட்டுப் பெறுங்கள். நோயின் பெயர், உடனே செய்யவேண்டிய குருதிவாயு, அமோனியா, சர்க்கரைச் சோதனைகள், ஏற்றவேண்டிய குளுக்கோசுக் கரைசல், அழைக்கவேண்டிய மருத்துவர் ஆகிய விவரங்கள் அதில் இருக்கவேண்டும். ஒரு பிரதி பாடசாலையிலும், ஒன்று இயன்மருத்துவரிடமும், ஒன்று பிள்ளையின் பையிலும் இருக்கட்டும். பிள்ளை உணவை வைத்திருக்க இயலாமல் வாந்தி எடுத்தால், காலைவரை காத்திராமல் கடிதத்தோடு அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். இளையோரே, அங்கே உங்கள் பெற்றோருக்கு நீங்களே மொழிபெயர்க்கவேண்டிய நிலை வந்தால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலில் கேளுங்கள். அவர் வரும்வரை அந்தக் கடிதத்தைத் தாதியின் கையில் கொடுங்கள்.