நம் பெயரில் பிறர் கடன்



ஊர்விட்டு ஊர் மாற்றலாகி வாழும் நாம், வாடகை வீட்டிற்கும் எரிவாயு இணைப்பிற்கும் கைப்பேசிக்கும் ஆதார், பான் அட்டைகளின் நகல்களைக் கொடுத்த வண்ணம் இருக்கிறோம். அவை தீயோர் கையில் சிக்கின், நம் பெயரில் பிறர் கடன் பெறக்கூடும். நம் பிள்ளையின் கல்விக் கடன் மறுக்கப்படும் நாள்வரை நாம் அதனை அறியாமலே இருக்கவும் கூடும்.

இதற்குக் காப்பு உண்டு. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்னும் நான்கு நிறுவனங்கள், 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நம் கடன் வரலாற்றைத் தொகுத்து வைத்துள்ளன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாக அளித்தல் வேண்டும் என்னும் ரிசர்வ் வங்கியின் ஆணை 2017 முதல் நடப்பில் உள்ளது. மூன்று திங்களுக்கு ஒரு நிறுவனமாகக் கேட்போமாயின், ஆண்டு முழுவதும் விழிப்புடன் இருப்போம்.

நாம் வாங்காத கடனோ வாழாத முகவரியோ அறிக்கையில் காணின், அந்நிறுவனத்திற்கும் கடன் தந்த வங்கிக்கும் உடனே எழுதுவோம். 30 நாட்களுக்குள் முறையீடு தீராவிடின், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு பெற நமக்கு உரிமையுண்டு. மோசடியால் பணம் இழந்திருப்பின், 1930 என்னும் தொலைபேசி எண்ணில் தாமதமின்றி முறையிடுவோம். இனி நகல் கொடுக்கையில், இன்ன காரியத்திற்கென்று அதன்மேல் எழுதி, தேதியிட்டுக் கையொப்பமிடுவோம்.

மாதந்தோறும் பால் கணக்கைச் சரிபார்க்கும் நம் இல்லங்கள், இக்கணக்கையும் பார்த்தல் வேண்டும்.