குடியேறிய ஊரின் விளைச்சல்

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. விடுமுறைக்கு ஊர் சென்று திரும்புகையில் துணிமணிகள் ஒரு பெட்டியில் அடங்கிவிடும். மற்ற மூட்டைகளிலெல்லாம் சாம்பார்ப் பொடியும், வடாமும், மணத்தக்காளி வற்றலும், காகிதத்தில் சுருட்டிய கறிவேப்பிலையுமே இருக்கும். தில்லியில் நாங்களும் பல ஆண்டுகள் அவ்வாறே வாழ்ந்தோம். கொண்டுவந்தது தீரும் வரை மகிழ்ச்சி. தீர்ந்த பின் குறை. வாசலுக்குத் தள்ளுவண்டியில் வந்த காய்கறிகளை, வேறு வழியின்றி வாங்கும் பொருள்களாகவே கருதினோம். அது எத்தகைய இழப்பு என்பதை எங்களுக்கு உணர்த்தியவர் எங்கள் தாயார்.

தந்தையார் காலமான பின்பு, தஞ்சைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அவரை அழைத்து வந்தோம். அவருக்கு இவ்வூர் மொழி தெரியாது. மார்கழி, தை மாதக் குளிரும் பழக்கமில்லை. "என்னை ஊரிலே கொண்டு விட்டுவிடுங்களப்பா" என்பதே அவருடைய அன்றாட வேண்டுகோள். ஊரிலோ பூட்டிய வீடு, துணைக்கு ஒருவருமில்லை. இந்த வருத்தத்தை மிகுவித்தது இட்லி மாவு. ஊரில் இரவு கரைத்து வைத்தால் விடியற்காலையில் பொங்கி நிற்கும் மாவு, இங்கே வெப்பநிலை 5, 6 டிகிரிக்கு இறங்கும் நாட்களில் ஒரு பகலும் ஓர் இரவும் கடந்த பின்னும் அசையாமற் கிடந்தது. "மாவுகூட இந்த ஊரில் பொங்க மாட்டேன் என்கிறது" என்றார்.

ஒரு நாள் வண்டியிலிருந்த கீரைக்கட்டு ஒன்றை அவர் கையில் எடுத்தார். இலையின் அடியில் படிந்திருந்த வெண்பொடியை விரலால் தடவிப் பார்த்தார். "இது நம் சக்கரவர்த்திக் கீரையல்லவா?" என்று வியந்தார். வண்டிக்காரர் அதனைப் 'பதுவா' என்றார். கோதுமை வயல்களில் களையாக முளைப்பது. இங்குள்ளோர் தயிரிற் கலந்து ராய்தாவாகவும், மாவிற் பிசைந்து பராட்டாவாகவும் உண்பர். அன்று அதனைப் பருப்பிட்டுக் கூட்டாக்கினார் அம்மா. தில்லிக்கு வந்த பின் அவர் மனநிறைவோடு உண்டது அன்றுதான்.

அதன் பிறகு வண்டிகளை நாங்கள் வேறு கண்ணோடு பார்க்கலானோம். நுரைப்பீர்க்கு நம் பீர்க்கங்காய்க்கு உடன்பிறப்பு. குளிர்காலத்துச் சிவப்புக் கேரட்டின் இனிப்பு வேறு பருவத்தில் கிட்டாது. வடநாட்டின் பருவங்களை அறிந்து, அந்தந்தக் காலத்தில் அண்டை வயல்களில் விளைவதை வாங்கினால் விலையும் குறைவு, சுவையும் மிகுதி.

அடுத்து, மாடி முகப்பில் தோட்டம் போட்டோம். பழைய எண்ணெய்த் தகரங்களின் அடியில் துளையிட்டு, மண்ணும் மக்கிய சாண எருவும் சிறிது மணலும் கலந்து நிரப்பினோம். முதல் முயற்சியிலேயே தவறினோம். நவம்பர் மாதத்தில் நட்ட கறிவேப்பிலைக் கன்று, ஜனவரிக் குளிரில் இலையுதிர்ந்து பட்டுப்போயிற்று. அது வெப்ப நாட்டுச் செடி. மார்ச் மாதத்தில் நட்டு, குளிர்காலத்தில் வெயில் படும் சுவரோரம் ஒதுக்கி, நீரையும் குறைத்தால் பிழைக்கும். அக்டோபரில் விதைக்க ஏற்றவை வெந்தயம், கொத்தமல்லி, முள்ளங்கி, பாலக்கீரை ஆகியன. வெந்தயக் கீரை ஏறக்குறைய நான்கு வாரங்களில் கைக்கு வந்துவிடும். வெண்டைக்கும் சுரைக்கும் குளிர் நீங்கும் பிப்ரவரி இறுதியே உரிய காலம். நம் ஊர்ப் பஞ்சாங்கத்தை நம்பி ஆடியில் விதை தேட வேண்டாம். பக்கத்து வீட்டாரைக் கேட்டு விதைப்பதே நன்று.

அந்தப் பக்கத்து வீட்டாரால்தான் மற்றொரு நன்மையும் விளைந்தது. எதிர்வீட்டுப் பஞ்சாபி மூதாட்டி குளிர்காலந்தோறும் வெயிலில் ஒரு பீங்கான் ஜாடியை வைப்பார். அதில் ஊறுவது 'காஞ்சி' என்னும் பானம். அரை கிலோ கருங்கேரட்டை விரல்நீளத் துண்டுகளாக நறுக்கி, கொதித்து ஆறிய இரண்டு லிட்டர் நீரிலிட்டு, கடுகுப்பொடி இரண்டு மேசைக்கரண்டி, வேண்டிய உப்பு, சிறிது மிளகாய்த்தூள் சேர்த்து, வாயை மெல்லிய துணியால் கட்டி வெயிலில் வைக்க வேண்டும். நாள்தோறும் உலர்ந்த மரக்கரண்டியால் கலக்கினால் ஐந்தாறு நாட்களில் நீர் செந்நீல நிறமுற்று, புளிப்பும் காரமுமாக நாவில் ஏறும். மேலே பூஞ்சை படிந்தாலோ, கெட்ட வாடை வீசினாலோ கொட்டிவிட வேண்டும்.

அம்மா ஒரு வாய் அருந்திவிட்டு, "இது நம் நீராகாரத்துக்குத் தங்கை" என்றார். பேத்தி அதை இந்தியில் எடுத்துரைக்க, மூதாட்டி சிரித்தார். அம்மா சொன்னது உண்மையே. பழைய சோற்று நீரையும், இட்லி மாவையும், காஞ்சியையும் புளிக்க வைப்பவை லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிர்களே. அவற்றுக்கு வேண்டியது வெதுவெதுப்பு. மறுநாள் காஞ்சி ஜாடியின் அருகில் எங்கள் மாவுப் பாத்திரமும் வெயில் காய்ந்தது. இரவில் அதற்கு ரஜாய் போர்த்தினோம். காலையில் மாவு விளிம்பைத் தொட்டு நின்றது.

இவ்வாறு வீட்டில் புளிக்க வைத்துப் பானம் செய்யும் கலை நாடெங்கும் உண்டு. லடாக்கில் பார்லியிலிருந்து 'சாங்', ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் அரிசியிலிருந்து 'ஹண்டியா' ஆகிய பீர் வகைகளை வீட்டிலேயே வடிக்கின்றனர். அசாமில் திமாசா மக்கள் செய்யும் 'ஜூடிமா' என்னும் அரிசி மது 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அரிசி மதுவில் பூஞ்சை மாவுப்பொருளைச் சர்க்கரையாக்க, ஈஸ்ட் அதனை மதுவாக்குகிறது. விழாவுக்கும் விருந்துக்கும் உரிய பானமாக அம்மக்கள் அதைப் போற்றுகின்றனர். அதனை இழிவாகப் பேசுவது நமக்கு அழகன்று. ஆயினும் மதுவைப் பற்றிய சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். குஜராத்திலும் பீகாரிலும் மதுவிலக்கு உண்டு. பிற இடங்களிலும் உரிமமின்றி வடிப்பது குற்றமாகலாம். பழங்குடியினருக்குச் சில இடங்களில் உள்ள சலுகை நமக்கு இல்லை. காஞ்சிக்கோ எந்தத் தடையும் இல்லை.

அவ்வாண்டு ஹோலிப் பண்டிகையன்று எங்கள் வீட்டு வடையும் எதிர்வீட்டுக் காஞ்சியும் ஒரே கிண்ணத்தில் கலந்தன. அம்மாவின் வேண்டுகோள் உடனே நின்றுவிடவில்லை. ஊர் நினைவு அத்தனை எளிதில் நீங்குவதன்று. ஆனால் அக்டோபர் வந்ததும், "வெந்தயம் விதைக்க நாளாகிவிட்டதே" என்று எங்களைத் தூண்டியவர் அவர்தான். ஊரிலிருந்து வரும் பொடிகளை நாம் விட்டுவிட வேண்டியதில்லை. அவற்றோடு, நாம் வாழும் மண் விளைவிப்பதையும் உவந்து உண்போம். ஒரு தகரத்திலேனும் ஒரு கீரையை விதைப்போம். அதற்கான பக்குவத்தை அண்டை வீட்டாரிடம் கேட்டறிவோம். அவ்வாறு கேட்கத் தொடங்கும்போதே அந்த ஊரில் நாம் வேர்விடத் தொடங்குகிறோம்.