சுத்தியல் பிடித்த கைக்கும் கல்வி வேண்டும்

அமெரிக்க நாட்டின் புளோரிடா மாநிலத்தை 1992 ஆகஸ்டு 24-ஆம் நாள் ஆண்ட்ரூ என்னும் பெரும்புயல் தாக்கியது. 25,000-க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. குற்றவாளி காற்று மட்டுந்தானா? சிதைந்த கூரைகளை ஆராய்ந்தோர் கண்டதென்ன? பலகையைப் பிணைக்க வேண்டிய ஆணிகள் பல, அடியிலிருந்த மரச் சட்டத்தைப் பற்றாமல் வெற்றிடத்தில் இறங்கியிருந்தன!

அம்மாநிலம் பாடம் கற்றது. 2002-இல் மாநிலம் முழுமைக்கும் ஒரே கட்டட விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. அங்கே உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர், ஈராண்டுக்கொருமுறை 14 மணி நேரம் பயின்றாலன்றி உரிமத்தைப் புதுப்பிக்க இயலாது. நல்ல விதி, வரவேற்போம். ஒருமுறை பெற்ற அறிவு ஆயுள் முழுமைக்கும் போதும் என்பது அறியாமையன்றோ?

ஆயினும் ஒன்று கேட்கிறேன். கூரைமேல் நின்று ஆணி அறைபவர் யார்? ஒப்பந்தக்காரரா? அல்லர், அவரிடம் கூலிக்கு உழைக்கும் தொழிலாளி! அவருக்கு அந்த 14 மணி நேரம் விதிக்கப்படவில்லை. ஏடு பிடித்த கைக்குப் பாடம் உண்டு; சுத்தியல் பிடித்த கைக்கு இல்லை!

உரிமத்தாள் கூரையைக் காக்காது. தேர்ந்த கைதான் காக்கும். அந்தக் கைக்கும் கல்வி தருக! கற்கும் நேரத்துக்கும் கூலி தருக! உழைப்பவருக்கு அதுவே நீதி. உள்ளே உறங்குபவருக்கு அதுவே காவல்.